ஆவணத்தை மாணவர் கையில் கொடுங்கள்

அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்குத் தங்கள் நாட்டின் வரலாறு எந்த அளவுக்குத் தெரியும் என்பதை அறிய, அந்நாட்டு அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு தழுவிய தேர்வு ஒன்றை நடத்துகிறது. 2022-ல் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய தேர்வின் முடிவுகள் 2023 மே மாதம் வெளியாயின. தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 100-க்கு 13 பேர். அடிப்படை நிலையைக்கூட எட்டாதவர்கள் 40 பேர். 2010-ல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இதே தேர்வு நடந்தபோது தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 12 பேர்தான். இந்தத் தேர்வில் ‘தேர்ச்சி’ என்பது கடினமான அளவுகோல் என்பது உண்மை. ஆனால், மற்ற பாடங்களுக்கும் இதே பெயரில் இதே போன்ற அளவுகோல்தான். 2022-ல் எட்டாம் வகுப்பினரில் கணிதத்தில் 26 பேரும் வாசிப்பில் 31 பேரும் அதை எட்டியிருக்கிறார்கள். வரலாறுதான் ஆகப் பின்தங்கி நிற்கிறது.

மாணவர்கள் இவ்வளவு குறைவாகக் கற்கும் இந்தப் பாடத்துக்காகத்தான் அமெரிக்கப் பெரியவர்கள் ஓயாமல் மோதிக்கொள்கிறார்கள். 1994-ல் அறிஞர் குழு ஒன்று தேசிய அளவிலான வரலாற்றுப் பாட வரையறைகளைத் தயாரித்தபோது, அதைக் கண்டித்து 1995 ஜனவரியில் செனட் சபை தீர்மானம் நிறைவேற்றியது: ஆதரவு 99, எதிர்ப்பு 1. 2019-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட ஆண்டையே நாட்டின் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டு ‘1619 திட்டம்’ வெளியிட்டது. அதற்குப் பதிலடியாக, சுதந்திரப் பிரகடன ஆண்டின் பெயரில் அதிபர் டிரம்ப் ‘1776 ஆணையம்’ அமைத்தார். அதன் அறிக்கை 2021 ஜனவரி 18-ல் வந்தது. இரண்டு நாள் கழித்துப் பதவியேற்ற ஜோ பைடன் அன்றே ஆணையத்தைக் கலைத்தார். 2025 ஜனவரியில் மீண்டும் அதிபரான டிரம்ப் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். இதற்கிடையில், இனம் பற்றியும் பாலினம் பற்றியும் வகுப்பறையில் எதையெல்லாம் கற்பிக்கக் கூடாது என்று பத்துக்கும் மேற்பட்ட மாகாணங்கள் சட்டம் இயற்றிவிட்டன.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் எழுப்புவது ஒரே கேள்வியைத்தான்: மாணவர்களுக்கு எந்தக் கதையைச் சொல்வது? பெருமிதக் கதையா, குற்றக் கதையா? கேள்வி இப்படி அமைந்துவிட்டால், எந்தத் தரப்பு வென்றாலும் மாணவருடைய வேலை கேட்டுக்கொள்வதும் ஒப்பிப்பதும்தான். உயர்நிலைப் பள்ளியில் நவீன அமெரிக்க வரலாற்றைக் கற்பிக்க இதைவிட நேர்மையான வழி உண்டு. அந்தந்தக் காலத்தின் ஆவணங்களை, ஒன்றோடொன்று முரண்படும் ஆவணங்களையும் சேர்த்து, மாணவர் கையில் கொடுத்து எடைபோடப் பழக்க வேண்டும். நேற்றைய வரலாற்றைக் கற்பிக்க இதைவிட வலுவான முறை இல்லை என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

வகுப்பு எட்டாத காலம்

அமெரிக்காவில் மத்திய அரசு பாடத்திட்டம் வகுப்பதில்லை. சட்டமே அதைத் தடுக்கிறது. 50 மாகாணங்கள் பாட வரையறைகளை வகுக்கின்றன. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் அவற்றைச் செயல்படுத்துகின்றன. டெக்சாஸ் போன்ற மாகாணங்களில் 1877 வரையிலான வரலாறு எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிந்தைய காலம் உயர்நிலைப் பள்ளிக்கு, பெரும்பாலும் பதினோராம் வகுப்புக்கு, வருகிறது. தொழில்மயமாதல், குடியேற்றம், இரண்டு உலகப் போர்கள், பெருமந்தம், பனிப்போர், குடிமை உரிமைப் போராட்டம், வியட்நாம், வாட்டர்கேட், 2001 செப்டம்பர் 11 எல்லாமே அந்த ஓராண்டில் அடங்க வேண்டும். விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே. தொடக்க அத்தியாயங்களில் நிதானமாக நடக்கும் வகுப்பு, இரண்டாம் உலகப் போரைக் கடந்ததும் ஓடத் தொடங்குகிறது.

கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ வரலாற்றுப் பாடத்திலும் இதே சாய்வைக் காணலாம். அந்தப் பாடம் 1491-ல் தொடங்கி இன்றுவரை ஒன்பது காலகட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1980 முதல் இன்றுவரையிலான கடைசிக் காலகட்டத்துக்குத் தேர்வில் ஒதுக்கப்படும் பங்கு 4 முதல் 6 சதவீதம். ஏழு ஆவணங்களைத் தந்து கட்டுரை எழுதச் சொல்லும் அருமையான கேள்வி ஒன்று அந்தத் தேர்வில் உண்டு. அதன் தலைப்பும் 1754-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட காலத்திலிருந்துதான் வரும். 1971-ல் நிறைவேறிய 26-வது அரசியல் சாசனத் திருத்தம் 18 வயதில் வாக்குரிமை தந்திருக்கிறது. பதினோராம் வகுப்பு மாணவருக்கு அந்த வயது இரண்டொரு ஆண்டுகளில் வந்துவிடும். வாக்குச்சாவடியில் அவர் எதிர்கொள்ளப் போகும் குடியேற்றம், காவல் துறை, சுகாதாரக் காப்பீடு, வெளிநாட்டுப் போர் ஆகிய கேள்விகள் எல்லாம் வகுப்பு எட்டாமல் விட்ட அந்தப் பத்தாண்டுகளில் உருண்டு திரண்டவை. தேவை மிகுந்த இடத்தில்தான் பாடம் மெலிந்து கிடக்கிறது.

இரண்டு பாடங்கள்

ஆவணங்களை வைத்துக் கற்பிப்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? முதலில், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதை எடுத்துக்கொள்வோம். 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ம் எண் ஆணையை மாணவர்கள் முதலில் படிக்கலாம். ராணுவப் பகுதிகளை வரையறுக்கவும், யாரையும் அங்கிருந்து வெளியேற்றவும் ராணுவத் தளபதிகளுக்கு அது அதிகாரம் தருகிறது. ஜப்பானியர் என்ற சொல்லே அதில் கிடையாது. அடுத்து, அந்த ஆண்டு வசந்த காலத்தில் மேற்குக் கரை நகரங்களின் சுவர்களிலும் கம்பங்களிலும் ஒட்டப்பட்ட ராணுவ அறிவிப்பைக் கொடுக்கலாம். அதில் ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் என்று தலைப்பிலேயே இருக்கிறது. கொண்டுவர வேண்டியவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன: குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் விரிப்பும் போர்வையும், மெத்தை கூடாது, சோப்பு, சீப்பு போன்ற அன்றாடப் பொருட்கள், மாற்றுடை, கத்தி, கரண்டி, தட்டு, கிண்ணம், கோப்பை. கையில் தூக்கிவர முடிந்த அளவுதான். வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பொதுச் சொற்களில் எழுதப்பட்ட ஓர் ஆணை, யார் தலையில் எப்படி இறங்கியது என்பது இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு விளங்கிவிடும். ஏறத்தாழ 1,20,000 பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.

பாடம் அத்தோடு முடிந்துவிடக் கூடாது. ராணுவம் சொன்ன காரணத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில வாரங்களில் அந்த நாட்டை ஆட்டிய அச்சம் மெய்யானது. 1944-ல், வெளியேற மறுத்துத் தண்டிக்கப்பட்ட பிரெட் கொரமாட்சுவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. பெரும்பான்மைத் தீர்ப்பையும், இது இனவெறிக்குச் சட்ட அங்கீகாரம் தருவது என்று நீதிபதி பிராங்க் மர்பி எழுதிய மாறுபட்ட தீர்ப்பையும் மாணவர்கள் ஒப்பிடட்டும். பிறகு, 1980-களின் திருப்பத்துக்கு வரட்டும். உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டில் முகாமுக்கு அனுப்பப்பட்ட ஐகோ ஹெர்சிக்-யோஷினாகா என்ற பெண்மணி, நாற்பது ஆண்டுகள் கழித்து தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு நகலைக் கண்டெடுத்தார். வெளியேற்றத்துக்கான காரணத்தை விளக்கி, மேற்குக் கரை ராணுவத் தளபதி டிவிட் தயாரித்த அறிக்கையின் முதல் வடிவம் அது. விசுவாசமானவர்களைப் பிரித்தறியக் காலம் போதவில்லை என்பது வெளியிடப்பட்ட அறிக்கை சொன்ன காரணம். காலம் ஒரு பிரச்சினையே இல்லை, இந்த மக்களைப் பிரித்தறியவே முடியாது என்பது முதல் வடிவம் சொன்ன காரணம். இதுபோன்ற ஆவணங்களின் துணையோடு 1983-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் ஒன்று கொரமாட்சுவின் தண்டனையை ரத்துசெய்தது. 1988-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. காப்பகத்தில் கிடந்த ஒரு தாளுக்கு இத்தனை வலிமை உண்டு என்பதைப் பாடநூலின் இரண்டு வரிச் சுருக்கம் சொல்லித்தர முடியாது.

இரண்டாவது, வியட்நாம். 1964 ஆகஸ்ட் 2-ல் டொங்கின் வளைகுடாவில் ‘மேடாக்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தாக்கப்பட்டது. ஆகஸ்ட் 4 இரவு மீண்டும் தாக்குதல் நடந்ததாகத் தகவல் வந்தது. அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி பதிலடியை அறிவித்தார். ஆகஸ்ட் 7-ல் அதிபருக்குப் போர் நடவடிக்கை அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 416-0 என்றும் செனட் சபையில் 88-2 என்றும் நிறைவேறியது. இந்த உரையையும் தீர்மானத்தையும் படித்த மாணவர், அந்த இரவில் களத்திலிருந்த படைத் தலைவர் ஜான் ஹெரிக் அனுப்பிய தந்தியையும் படிக்க வேண்டும். மோசமான வானிலையும் கருவி இயக்குநர்களின் பதற்றமும் தவறான தகவல்களுக்குக் காரணமாகியிருக்கலாம், முழுமையாக ஆராய்ந்த பிறகு மேற்கொண்டு இறங்கலாம் என்று அவர் எச்சரித்திருந்தார். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை 2005-ல் வெளியான அரசு உளவு ஆவணங்கள் உறுதிப்படுத்தின. அந்தப் போர் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களையும் அவர்களைப் போல் பல மடங்கு வியட்நாம் மக்களையும் பலிகொண்டது. அரசு ஒரு போருக்கு ஒப்புதல் கேட்கும்போது எதைக் கேட்டறிய வேண்டும் என்பதை எதிர்கால வாக்காளர் இந்த மூன்று ஆவணங்களிலிருந்து கற்றுக்கொள்வார்.

ஆட்சேபங்களும் பதில்களும்

முதல் ஆட்சேபம் ஆசிரியர்களிடமிருந்தே வரும். ஆண்டும் பெயரும் நிகழ்ச்சி வரிசையும் தெரியாத பிள்ளைகளிடம் ஆவணத்தைக் கொடுத்து என்ன பயன்? அடிப்படைத் தகவல்களை முதலில் மனதில் ஏற்றுவோம், சிந்தனை பிறகு வரட்டும் என்கிறார்கள். நியாயமான கவலைதான். கால வரிசை தெரியாமல் எந்த ஆவணமும் பேசாது. பாடநூலைத் தூக்கி எறிய யாரும் சொல்லவில்லை. ஆனால், தகவலா சிந்தனையா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் தலைமையில் உருவான ஆவணவழிப் பாடங்களை, அவிஷாக் ரீஸ்மன் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவின் ஐந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில், பதினோராம் வகுப்பில் ஆறு மாத காலம் சோதித்துப் பார்த்தார். வழக்கமான முறையில் படித்தவர்களைவிட இந்த முறையில் படித்தவர்கள் வரலாற்றுச் சிந்தனையில் முன்னேறியிருந்தார்கள். தகவல்களை நினைவில் வைத்திருப்பதிலும் வாசித்துப் புரிந்துகொள்வதிலும்கூட அவர்களே முந்தினார்கள். ஒரு கேள்விக்கு விடை தேடும்போது பயன்பட்ட தகவல் மனதில் தங்குகிறது; பட்டியலாக வந்தது தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது. தகவல்களையே பிரதானமாக வைத்துப் பல தலைமுறைகளாக நடந்த கல்வியின் பலன் என்ன என்பதைத் தொடக்கத்தில் கண்ட 12-ம் 13-ம் சொல்கின்றன.

இரண்டாவது ஆட்சேபம் பெற்றோரிடமிருந்தும் சட்டமன்றங்களிலிருந்தும் வருகிறது. நாட்டின் அநீதிகளை இளம் வயதில் படித்தால் பிள்ளைகள் நாட்டையே வெறுப்பார்கள், குற்ற உணர்வில் வாடுவார்கள் என்கிறார்கள். ஓக்லஹோமா மாகாணத்தின் டல்சா நகரில் 1921 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பர் குடியிருப்பைத் தாக்கி ஏறத்தாழ 35 தெருக்கட்டங்களை எரித்தது. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அந்தக் கலவரத்தைத் தூண்டியதாகக் கூறப்படும் உள்ளூர் நாளிதழின் முதல் பக்கச் செய்தி, நுண்படம் எடுக்கப்படுவதற்கு முன்பே இதழிலிருந்து கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகள் பள்ளிகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1997-ல் மாகாணம் ஓர் ஆணையம் அமைத்து, 2001-ல் அதன் அறிக்கை வந்த பிறகுதான் பாட வரையறையில் இடம் கிடைத்தது. அந்தப் படுகொலையின் நூற்றாண்டு வந்த அதே 2021 மே மாதத்தில், இனம் தொடர்பான சில கருத்துகளை வகுப்பில் கற்பிப்பதைத் தடுக்கும் 1775-ம் எண் சட்டத்தில் ஓக்லஹோமா ஆளுநர் கையெழுத்திட்டார். டல்சாவைக் கற்பிக்க அந்தச் சட்டம் நேரடித் தடை விதிக்கவில்லை. என்றாலும், எந்த வாக்கியம் எல்லை மீறும் என்று தெரியாத ஆசிரியர் கடினமான பாடத்தைச் சுருக்கிக்கொள்ளவே பார்ப்பார். மறைத்து வைத்ததால் அந்த நகரத்தில் ஒற்றுமை வளரவில்லை. மறைத்தார்கள் என்று தெரியவரும்போது பிள்ளைகள் இழப்பது அந்தப் பாடத்தின் மீதான நம்பிக்கையை மட்டுமன்று, பள்ளியின் மீதான நம்பிக்கையையும்தான்.

பதின்பருவத்தினரின் மனவலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்கு அமெரிக்க வரலாறே சாட்சி. 1951 ஏப்ரல் 23-ல் வர்ஜீனியா மாகாணத்தின் ஃபார்ம்வில் நகரில், கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடநெருக்கடியைக் கண்டித்து 450 பேர் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். அதை நடத்தியவர் பார்பரா ஜான்ஸ், வயது 16. அந்தப் போராட்டத்திலிருந்து எழுந்த வழக்குதான், 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய ‘பிரவுன்’ தீர்ப்பில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று. தீர்ப்பை ஏற்க மறுத்த அந்த வட்டாரம் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே பூட்டி வைத்தது. பதினாறு வயதில் வரலாற்றை மாற்ற முடிந்தது என்றால், பதினாறு வயதில் அதைப் படிக்கவும் முடியும். அநீதியையும் அதை எதிர்த்து நின்றவரையும் ஒருசேரப் படிக்கும் மாணவரிடம் வளரும் நாட்டுப்பற்று, குறையே இல்லாத கதை கேட்டு வளர்ந்ததைவிட உறுதியாக நிற்கும்.

மூன்றாவது ஆட்சேபம், ஆசிரியர்களின் சார்புநிலை பற்றியது. அண்மைக் கால வரலாறு அரசியலிலிருந்து பிரியாதது. ஆசிரியர் தன் கட்சியை வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிடுவார் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் ஒன்பது மாகாணங்களில் 3,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கருத்தறிந்து 2024-ல் வெளியிட்ட அறிக்கை, இந்த அச்சத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை என்று காட்டுகிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் நடுநிலையோடு கற்பிக்கவே முயல்கிறார்கள். நாடாளுமன்ற நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், ஸ்மித்சோனியன் போன்ற பொது நிறுவனங்களின் இணைய வளங்களையே அதிகம் நாடுகிறார்கள். சார்பு எங்குமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. எந்த ஆவணத்தை எடுப்பது, எதை விடுவது என்பதிலேயே சார்பு நுழைய முடியும் என்ற விமர்சனமும் சரியானது. அதற்கான காப்பும் ஆவணமுறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த வாதம் கட்டாயமாக இடம்பெற வேண்டும். ரீகனின் வரிக் குறைப்பைப் படிக்கும்போது அதை ஆதரித்தவர்களின் சொற்களும் அதனால் பாதிக்கப்பட்டோம் என்றவர்களின் சொற்களும் வேண்டும். ஆசிரியர் சொல்வதை ஆவணத்தோடு ஒப்பிட்டு மறுக்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைத்துவிட்டால், ஆசிரியரின் சார்பு பெரிய தீங்கு செய்ய முடியாது. வெறும் விரிவுரையில் அந்த வாய்ப்பு இல்லை. அமெரிக்காவின் குற்றங்களை மட்டும் அடுக்கும் இடதுசாரிப் பாடத்துக்கும் இதே நிபந்தனைதான். வாதத்தை முடித்து வைத்துவிட்டு மாணவரைக் கையெழுத்திட அழைக்கும் பாடம், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது பிரச்சாரம்.

கடைசி ஆட்சேபம் நேரம். ஓராண்டில் ஒன்றரை நூற்றாண்டைக் கடக்க வேண்டிய வகுப்பில் ஆவணம் படிக்க ஏது நேரம்? எல்லாவற்றையும் தொட வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு பெரிய கேள்வி, அதற்கு நான்கைந்து ஆவணங்கள், நடுவில் சுருக்கமான தொடர் விவரிப்பு என்று அமைத்தால் ஓராண்டு போதும். 1980-க்குப் பிந்தைய காலத்துக்கு ஆண்டின் கடைசி ஆறு வாரங்களையாவது பாட வரையறையே ஒதுக்கித் தர வேண்டும். தேர்வும் மாற வேண்டும். ஆவணக் கேள்வியின் எல்லை 1980-ல் நிற்கும் வரை வகுப்பும் அங்கேயே நிற்கும். மாகாணச் சட்டமன்றங்கள் தடைப் பட்டியல் எழுதுவதை விட்டு, ஆசிரியர் பயிற்சிக்கும் ஆவணத் தொகுப்புகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நமக்கும் தொடர்புடையது

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால், இந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. 1917-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இந்தியர் உள்ளிட்ட ஆசியர்கள் குடியேறுவதைத் தடுத்தது. 1923-ல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில், அவர் வெள்ளையர் அல்லர் என்பதால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல் கதவு சற்றே திறந்தபோதும் இந்தியாவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 100 இடங்கள். 1965 அக்டோபர் 3-ல் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபடுத்தும் ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964 குடிமை உரிமைகள் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் உருவாக்கிய அலையில் வந்த சட்டம் அது. தமிழ்நாட்டிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் அங்கு போய்க் குடியேற வழிவிட்டது அதுவே. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இதே வரலாற்று வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். தங்கள் குடும்பம் அந்நாட்டுக்குள் நுழைந்த கதவை யார் திறந்தார்கள் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2021-ல் இலினாய் மாகாணம், அரசுப் பள்ளிகளில் ஆசிய அமெரிக்கர் வரலாற்றைக் கட்டாயமாக்கி நாட்டுக்கே முன்னோடியானது. மறு ஆண்டு நியூஜெர்சி பின்தொடர்ந்தது. நல்ல தொடக்கம். ஆனால், அதுவும் பெருமைப் பட்டியலாகச் சுருங்கிவிடாமல், திந்த் வழக்கின் தீர்ப்பும் 1965 சட்டத்தின் வாசகமும் மாணவர் படித்து விவாதிக்கும் பாடமாக வர வேண்டும்.

அமெரிக்காவில் பள்ளி வாரியங்கள் பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுப்பவை. அவற்றின் கூட்டங்களில் பொதுமக்கள் எழுந்து பேசலாம். அங்கு வாழும் தமிழ்ப் பெற்றோர் கணிதத் தரவரிசைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்ட வேண்டும். கூட்டத்துக்குப் போங்கள். இந்த ஆண்டு வரலாற்று வகுப்பில் எங்கள் பிள்ளைகள் எத்தனை மூல ஆவணங்களை முழுமையாகப் படித்தார்கள், பாடம் எந்த ஆண்டோடு நின்றது என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேரான பதில் தர முடியாத பள்ளி, வரலாற்றை இன்னும் கற்பிக்கத் தொடங்கவில்லை.